கையிருப்பு

கோடையில் ஒரு காரின் என்ஜின் சூடாவது எங்கள் பக்கத்தில் செய்தியே அல்ல. வானிலை அறிக்கையில் மாநிலத்தின் உச்ச வெயில் என்று அடிக்கடி அடிபடும் பரமத்தி எங்களுடையதல்ல. அது காவிரிக்குத் தெற்கே, கரூர் மாவட்டத்தில் இருக்கும் க.பரமத்தி. பரமத்தி வேலூர்க்காரர்கள் வெளியூர் உறவினர்களுக்கு இதை வருஷம் தவறாமல் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இடையில் ஓடும் ஆற்றை வெயில் பெரிதாக மதிப்பதில்லை. சித்திரை மத்தியானத்தில் 40 டிகிரி என்பது இரண்டு கரைக்கும் பொது. வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், பானட்டைத் திறந்துபோட்டு ஓரமாக நிற்கும் வண்டியைப் பார்த்தால் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். அவ்வளவுதான்.

நான் இங்கே யோசிக்க விரும்புவது சற்று வேறு விதமான சூட்டைப் பற்றி. ஏ.சி. போட்டால் மட்டும் சூடாகிற என்ஜின். இந்த ‘மட்டும்’ என்ற சொல்தான் பிரச்னை. இதைக் கேட்டவுடன் எவருக்கும் விடை கிடைத்துவிடுகிறது. ஏ.சி. போட்டால் சூடாகிறது, நிறுத்தினால் சரியாகிவிடுகிறது, ஆகவே ஏ.சி.யை நிறுத்து. தர்க்கத்தில் பழுதில்லை. வைத்தியமும் செலவில்லாதது. எங்கள் வண்டி சிறிய பெட்ரோல் கார், பத்து வயதைத் தாண்டியது. அதற்கு இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்யாதவர்கள் குறைவு.

எனக்கு அது போதாமல் போனதற்குக் காரணம் என் அக்கா. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் டயாலிஸிஸ் செய்துகொள்கிறாள். வீட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். விடிகாலையில் போய்விடுவோம். யந்திரத்தோடு நான்கு மணி நேரம். எல்லாம் முடிந்து வண்டியில் ஏற மத்தியானம் ஆகிவிடும். உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்துவிட்டிருப்பதால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்; கண்ணைத் திறக்கவே ஒரு யத்தனம் வேண்டியிருக்கும். மற்றவர்களைப் போல இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து வெயிலைச் சமாளிக்க அவளால் முடியாது. நாளெல்லாம் சேர்த்து அவளுக்கு அனுமதித்திருக்கும் தண்ணீர் ஒரு லிட்டருக்குள். குடித்த நீர் வெளியேற வழியில்லாத உடம்பு அது. ஜன்னலைத் திறந்தால் கரும்பு லாரியின் தூசும் தாரின் அனலும். அந்த அரைமணி நேரப் பயணத்தில் ஏ.சி. என்பது அவளுக்கு மருந்துச் சீட்டில் எழுதப்படாத ஒரு மருந்து.

இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த யந்திரம், இன்றைய ஏ.சி.யின் மூதாதை, யாருடைய சுகத்துக்காகவும் செய்யப்பட்டதல்ல. புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராமல் போயிற்று. அதைத் தீர்க்கத்தான் அந்த யந்திரம். மனிதன் பிற்பாடுதான் அதன் முன்னால் போய் உட்கார்ந்தான்.

காரில் ஏ.சி. என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே போடுகிறது. பெல்ட் மூலம் என்ஜின் சுற்றிக்கொடுக்கும் கம்ப்ரஸர், உள்ளே சூட்டை வாங்கி வந்த காஸை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காஸ் கொதிக்கும். அந்தக் கொதிப்பை வெளிக்காற்றில் இறக்கிவைக்கும் இடம் கண்டென்ஸர். மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருக்கமாக அடுக்கிய ஒரு பலகை. அது இருப்பது வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு நேர் முன்னால். ஆக, ஏ.சி. போட்டவுடன் என்ஜினுக்கு இரண்டு சங்கடங்கள். கம்ப்ரஸரைச் சுற்றும் கூடுதல் வேலை ஒன்று. ரேடியேட்டருக்கு வரவேண்டிய காற்று ஏற்கெனவே ஒரு சூட்டைச் சுமந்துகொண்டு வருவது இன்னொன்று.

பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்ஜினில் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்து ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. எவ்வளவு ஒப்படைக்க முடியும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 40 என்றால் இடைவெளி 50. கண்டென்ஸரைத் தாண்டும்போது காற்று ஒரு 10 டிகிரி ஏறுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இடைவெளி 40 ஆகிவிடும். ரேடியேட்டரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. மார்கழிக் காலையில் வெளிக்காற்று 22 டிகிரி. அப்போது ஏ.சி. போட்டாலும் இடைவெளி 58. அதாவது மார்கழியில் ஏ.சி. போட்டு ஓடும் வண்டி, சித்திரையில் ஏ.சி. போடாமல் ஓடும் வண்டியைவிடச் சௌகரியமாக இருக்கிறது.

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுப்பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாரம் மூன்று நாள் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே சுமையோடு போய்வருகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. சோதனைச் சாலைக்காரர்கள் ஆசைப்படும் ஒழுங்கு அவனுக்குத் தானாக அமைந்துவிடுகிறது. அக்காவின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவைக்கும் நோட்டிலேயே, அடியில் ஒரு கோடு போட்டு, முள் எங்கே ஏறியது என்பதையும் எழுதிவந்தேன். தையில் ஒன்றுமில்லை. மாசிக் கடைசியில் முள் நடுவைத் தாண்டிச் சற்று நகர்ந்தது. பங்குனியில் கீரம்பூர் வருவதற்குள் முக்கால் பங்கு. சித்திரையில் சிவப்புக் கோட்டின் விளிம்பு. இந்த நான்கு மாதமும் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏ.சி. மட்டுமே காரணமாக இருந்தால் தையிலும் சூடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வெயில் மட்டுமே காரணமாக இருந்தால் சித்திரையில் ஏ.சி. இல்லாமலும் சூடாக வேண்டும். அதுவும் ஆகவில்லை. இந்த இரண்டு பாரத்தையும் சேர்த்துத் தாங்கும்படிதான் வண்டி செய்யப்பட்டிருக்கிறது. புதிதாக இருந்த வருஷங்களில் இதே சித்திரையைத் தாங்கியும் இருக்கிறது. ஆகவே மூன்றாவதாக ஏதோ ஒன்று குறைந்திருந்தது. தேவைக்குமேல் வைத்திருந்த ஒரு கையிருப்பு. எப்போது, எப்படி என்று தெரியாமல் அது கரைந்துபோயிருந்தது. ஏ.சி.யும் சித்திரையும் சேர்ந்து கேட்டபோதுதான் பெட்டி காலி என்பது வெளியே வந்தது.

மூன்று பட்டறைகள் பார்த்தோம். பெயர்கள் வேண்டாம். ஒன்றில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்றார்கள். இது நம் நாட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்த வால்வு, என்ஜின் போதிய சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80 டிகிரிக்கு மேல் திறந்துவிடுகிற காவல்காரன். அடைத்துக்கொண்டு திறக்காமல் போனால் கழற்றவேண்டியதுதான், புதிது மாட்டவேண்டியதுதான். ஆனால் திறக்காத வால்வு ஏ.சி. இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, எப்போதும் சூடாக்கும். நன்றாக இருக்கும் வால்வைக் கழற்றினால் என்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். இன்னும் ஒன்று: சில என்ஜின்களில் இந்த வால்வு திறக்கும்போதே குறுக்குவழி ஒன்றை மூடுகிறது. வால்வே இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டுக்காகச் செய்த வைத்தியமே சூட்டைக் கூட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டர் மூடியையும் கூலண்ட்டையும் மாற்றினார்கள். இதில் தப்பில்லை. மூடி என்பது வெறும் மூடி அல்ல. உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகக் கட்டிவைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை பொறுத்துக்கொள்கிறது. மூடியின் ரப்பர் செத்துவிட்டால் அந்தப் பொறுமை போய்விடும். கூலண்ட்டுக்குப் பதில் எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் குழாய்களில் உப்பு படிந்து பாத்திரத்தின் அடிபோல் ஆகிவிடும். ஆனால் எங்கள் வண்டியில் தண்ணீர் கொதித்து வெளியேறவில்லை, குறையவும் இல்லை. மூன்றாவது இடத்தில், விசிறியை நேரடியாக பாட்டரியில் இணைத்து எப்போதும் சுற்றும்படி செய்துவிடலாம் என்றார்கள். விசிறியோ ஏ.சி. பொத்தானை அழுத்தியவுடன் ஒழுங்காகச் சுற்றத் தொடங்கிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருப்பதைச் சுற்றவைப்பதில் என்ன லாபம்?

இவர்கள் யாரும் திறமையற்றவர்கள் அல்ல. ஒவ்வொருவர் சொன்னதும் வேறு ஏதோ ஒரு காருக்கு உண்மை. நூறு வண்டியில் எண்பதுக்குப் பொருந்தும் விடை கைவசம் இருக்கும்போது மீதி இருபதுக்காக யாரும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று இடத்திலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறாமல் வந்தது: “முடிஞ்சவரைக்கும் ஏ.சி. போடாம ஓட்டுங்க சார்.” அக்காவே ஒரு நாள், கண்ணைத் திறக்காமல், “தம்பி, ஏ.சி.ய நிறுத்திப்போடு. வண்டி வழியில நின்னுபோச்சுன்னா ஊட்டுக்கு எப்பிடிப் போறது” என்றாள். விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வரும்போது, விட்டுக்கொடுக்கவே கூடாத நிலையில் இருப்பவர்கள்தான் முதலில் முன்வருகிறார்கள்.

நாமக்கல் லாரிகளின் ஊர் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வெறும் சேஸிஸாக வந்து இறங்கும் வண்டிக்கு இங்கே பாடி கட்டி, வர்ணம் பூசி, முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள். அந்தத் தொழிலைச் சுற்றி ஸ்பிரிங் பட்டறை, டயர் ரீட்ரெடிங், டிங்கர் வேலை என்று ஒரு உலகம். அதில் ரேடியேட்டர் கடைகள் ஒரு தனி ஜாதி. அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள்; அடைத்துக்கொண்டால் மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி பொருத்துவார்கள். இப்போது வருவது அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும். ஈயம் ஒட்டாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டவேண்டியதுதான். பிரித்துப் பார்க்கும் தொழில் மெல்ல மாற்றிப்போடும் தொழிலாகிக்கொண்டு வருகிறது. மருத்துவமனையில் அக்காவுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் லாரி வைத்திருப்பவர். அவர் சொல்லி அப்படியொரு கடைக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். மெலிந்த தேகம். கை முழுவதும் பழைய தீக்காயத் தழும்புகள்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். நான் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ஏ.சி. போட்டாச் சூடாகுதுன்னு எழுதியிருக்கறீங்க. சரிங்க. ஏ.சி. எப்பிடிங்க இருக்குது? குளுருதுங்களா?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

“ஓடறப்பப் பரவாயில்லைங்க. நின்னாக் குளிர் போயி வெறுங்காத்துத்தான் வருது. போன வருஷம் இப்பிடி இல்லீங்க.”

“அப்ப ரெண்டுக்கும் ஒரே வியாதிதானுங்க,” என்றார்.

மூன்று பட்டறைகளிலும் ஏ.சி. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவனிடம் உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்பதில்லை. இவர் கேட்டார். கேட்டவுடன் வழக்கே மாறிவிட்டது. என்ஜினின் தண்ணீர் வேறு, ஏ.சி.யின் காஸ் வேறு. குழாய்கள் வேறு, பம்புகள் வேறு. ஒன்றின் சொட்டு இன்னொன்றில் கலப்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நலிந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொது காற்று.

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஓடவிட்டு, கழுத்தில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஹெட் காஸ்கெட் போயிருந்தால் எரிந்த காஸ் தண்ணீருக்குள் கசிந்து குமிழியாக வரும். வரவில்லை. பிறகு நன்றாகச் சூடேறவிட்டு, என்ஜினை நிறுத்தி, விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டரின் பின்பக்கத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக, பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு போனார். உள்ளே குழாய் அடைத்திருந்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்து தெரியும். எல்லா இடமும் ஒரே சீராக இருந்தது. தண்ணீர் ஓடுகிறது, உள்ளே சுத்தம். ஒயரை மாட்டினார். என்ஜினையும் ஏ.சி.யையும் போடச் சொன்னார். விசிறி உடனே சுற்றியது. மேஜைமேல் கிடந்த பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வண்டியின் மூக்குக்கு முன்னால், கண்டென்ஸரின்மேல் வைத்துக் கையை எடுத்தார்.

காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அந்தத் தாள் சல்லடையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது ஒரு விநாடி தயங்கி, வழுக்கி, தரையில் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். விழுந்தது. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில், கையகலத்துக்கு, ஒட்டிக்கொண்டது.

“காத்தாடி சுத்துதுங்க. காத்துப் போறதில்ல,” என்றார்.

முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேகக் குழாயால் அடித்துக் கழுவிய சுத்தம். பின்னாலிருந்து பார்த்தால் விசிறியும் ரேடியேட்டரின் முதுகும் சுத்தம். அவர் கூலண்ட்டை வடித்து, ரேடியேட்டரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, ஏ.சி. குழாயில் கை வைக்காமல், கண்டென்ஸரை அப்படியே தொங்கவிட்டு, ரேடியேட்டரை மேலே உருவினார். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில், ரேடியேட்டரின் முகத்தில், கம்பளி விரித்ததுபோல் ஒரு சாம்பல் நிறப் படிவு. மண், பூச்சிகளின் இறகு, இலவம் பஞ்சு, கரும்புச் சோகையின் தூள், கோழி லாரிகளிலிருந்து பறந்து வந்த மெல்லிய இறகு. எங்கள் ஜில்லாவின் பொருளாதாரமே அங்கே படிந்திருந்தது என்று சொல்லலாம். கண்டென்ஸரின் சல்லடை வழியாக நுழைந்த ஒவ்வொரு துகளும் அடுத்த சல்லடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்னாலிருந்து வேகத்தோடு அடித்த தண்ணீர், முகத்தைக் கழுவிக் குப்பையை நெஞ்சுக்குத் தள்ளியிருக்கிறது. நனைந்து, காய்ந்து, இறுகி, அது துணியாகிவிட்டிருந்தது. அவர் ஒரு மூலையைப் பிடித்து உரித்தபோது ஒரு சாண் அகலத்துக்குக் கிழியாமல் வந்தது.

மென்மையான பிரஷ், மெதுவாக ஓடும் தண்ணீர், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது குப்பை வந்த வழியே குப்பையைத் திருப்பி அனுப்புவது. மடங்கிய தகடுகளை ஒரு சீப்பால் நிமிர்த்தினார். மாற்றிய சாமான் எதுவுமில்லை. கூலி வாங்கிக்கொண்டார். அந்த வாரமே சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு வந்தோம். முள் நடுவில் நின்றது. நோட்டில் அதை எழுதினேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதன்பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டிருப்பது வண்டியைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு அமைப்பில் தேவைக்குமேல் திறன் இருக்கும்வரை அது இழந்துகொண்டிருப்பது வெளியே தெரிவதில்லை. சிறுநீரகமும் அப்படித்தான். வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சாதாரண எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். ஒன்றைத் தானம் செய்துவிட்டு ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஆரோக்கியமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தாராளமான கையிருப்பை வைத்து உடம்பு செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தாராளமே மறைக்கவும் செய்கிறது. அக்காவுக்கு ஒரு காய்ச்சலின்போதுதான் தெரியவந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால்தான் சிறுநீரகம் போயிற்று என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். பல வருஷமாக இருந்த ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்ததற்கு முகமில்லை. கடைசியாக வந்ததற்கு முகம் இருக்கிறது. பழி முகமுள்ளதைத் தேடிப் போகிறது.

இதை எங்கள் ஊர்க் கொடிக்கால்காரர்கள் வேறு விதமாக அறிவார்கள். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜ வாய்க்காலை நம்பித்தான் அகத்தியில் படர்ந்த வெற்றிலையும் வாழையும். வாய்க்காலில் சேறு படிந்து கொள்ளளவு குறையும்போது தலைமடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் வயலுக்கு வழக்கம்போல் பாய்கிறது. முதலில் வாடுவது கடைமடை. அப்போது கடைமடைக்காரனிடம் சொல்லப்படும் யோசனை, தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரை வைக்காதே என்பது. அவன் வெற்றிலை வைத்ததால் வாய்க்கால் தூர்ந்துபோகவில்லை. தூர்ந்துபோனது அவன் வெற்றிலையில் தெரிகிறது. தண்ணீரை நிறுத்திச் சேறு அள்ளுவதற்கு ஆளும் பணமும் வேண்டும். யோசனைக்கு எதுவும் வேண்டாம்.

‘இல்லாமல் இருந்துகொள்’ என்பது எப்போதும் மலிவான வைத்தியம். சொல்கிறவனுக்கு மலிவு. இல்லாமல் இருக்கப்போவது அவனல்ல. 1940ஆம் வருஷ மாடலாக அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி ஏ.சி. வைத்து விற்ற காரில் கம்ப்ரஸரைத் துண்டிக்க க்ளட்ச் கிடையாது. வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இப்போது பொத்தானைத் தொட்டால் போதும். நிறுத்துவது இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் ஏன் நிறுத்தவேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லையோ என்னவோ.

2025இல் இந்தியாவில் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. நாமக்கல்லில் இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசிக்கொள்கிறார்கள். டீசல் கூடும் என்பவர்கள் இருக்கிறார்கள். என்ஜினுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து, குஜராத் வரை வெந்துகொண்டே போய்வந்த டிரைவர்கள் அதிகம் பேசுவதில்லை; சிரித்துக்கொள்கிறார்கள். இந்த லாரிகளுக்கும் வயதாகும். இவற்றின் கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலும் பஞ்சும் இறகும் சோகையும் சேரும். ஏதோ ஒரு சித்திரையில் முள் ஏறும்போது டிரைவரிடம் முதலில் சொல்லப்போவது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அப்படியே நிறுத்திவிடாமல், ஒரு தாளைக் கிழித்து மூக்கின்மேல் வைத்துப் பார்ப்பார் என்றால் நல்லது. தாள் நின்றால் வேறிடத்தில் தேடலாம். விழுந்தால் போல்ட்டைக் கழற்றி நடுவில் பார்க்கலாம்.

யந்திரத்தில் அந்த வசதி இருக்கிறது. பிரித்து, நடுவில் இருப்பதை உரித்து எடுத்துவிட்டு, கையிருப்பைத் திரும்பப் பெற்றுவிட முடிகிறது. அக்காவின் நோட்டில் மேல்பாதியில் எழுதப்படும் எண்களுக்கு அப்படியொரு வழி இல்லை. செவ்வாய், வியாழன், சனி. அங்கே எங்களால் முடிந்தது, மிச்சமிருப்பதிலிருந்து மேற்கொண்டு எதையும் கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான். அரைமணி நேரக் குளிர் அதில் ஒன்று.